நாற்பது பேருக்கும் ஒரு குறையும் இல்லையாம்

ஆத்தா மகளே, போன வாரம் நீ தேனியிலிருந்து போனில் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் காதுக்குள் கொசு மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "பயிற்சி முடிஞ்சிருச்சுப்பா. நாப்பது பேருகிட்டயும் கேட்டாச்சு. ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையாம்." சொல்லும்போது உன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கோ நம்பிக்கை வரவில்லை. அந்த நாற்பது பேரையும் எனக்குத் தெரியும். சாக்குச் சாக்காக வருகிற ஏலக்காயைச் சலித்துப் போட்டால், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வெடித்தது, கறுத்தது, சொத்தை என்று பொறுக்கி எடுக்கிற பெண்கள். டீயில் இனிப்புக் கம்மி என்று முப்பது பேரும் ஜாஸ்தி என்று பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சொல்லுகிற கூட்டம். ஃபேன் சுற்றினாலும் குறை, நின்றாலும் குறை, பக்கத்தில் இருப்பவளின் முழங்கை இருப்பதே குறை. குறையே இல்லாத நாற்பது பேர் சேர்ந்தாற்போல் இருக்கிற இடம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது கல்லறைத் தோட்டம். அங்கேயும் இப்போது இடநெருக்கடி என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதை வாட்ஸப்பில் அனுப்பாமல், நம் வியாபாரிகள் இதழில் மாதாமாதம் நான் கிறுக்குகிற அதே நகைச்சுவைப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஊரே படிக்கட்டும் என்று ஏன் நினைத்தேன் என்பது போகப்போகத் தெரியும். அச்சாகி வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும் என்பதால் கைப்பிரதியை இன்றே உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை, ஏலக்காயைத் தரம் பிரித்து இருப்பு வைக்கிற நம் புதுக் கிட்டங்கியைத் திறக்கப்போகிறாய். நம் மேஸ்திரிக்குச் சால்வை போர்த்தி, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, நாற்பது பெண்களுக்கும் அவரையே பொறுப்பாக்கப் போகிறாய். நான் நாலு வார்த்தை பேசிச் சிரிக்கவைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அந்தச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடு.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது செருப்பு இருக்கிறதா என்று நாலு முறை எட்டிப் பார்க்கிறவன். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நம் வீட்டு முறுக்கைப் புகழ்ந்தபோது, கடையில் வாங்கிய முறுக்கை இவ்வளவு புகழ்கிறார்களே, என்ன மறைக்கிறார்கள் என்று கூடலூர் வரை ஆள் விட்டு விசாரித்தேன். மாப்பிள்ளை பக்கம் ஒரு குற்றமும் இல்லை, அவர்களுக்கு முறுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆக, என் சந்தேகத்தில் பாதிக்குமேல் வீண் என்று ஒப்புக்கொண்டே சொல்லுகிறேன், நீ அனுப்பிய பயிற்சிப் படத்தை நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். உன் அம்மா, "என்ன, நகை எதுவும் காணாமப் போச்சா?" என்று கேட்டாள். நகை இல்லை, ஆள். படத்தில் மேஸ்திரி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் பாயில் ஆள் உட்காருகிற அளவுக்குக் காலியிடம். ஆனால் ஓரத்தில் மட்டும் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பத்தோரு பேரில் சிரித்துக்கொண்டிருப்பவர் ஒருவர்தான். அது மேஸ்திரி.

அப்புறம் அந்தக் கையெழுத்துத் தாள். 'பணியிட வன்முறைத் தடுப்புப் பயிற்சி பெற்றேன், எனக்குப் புகார் எதுவும் இல்லை' என்று மேலே அச்சடித்து, கீழே நாற்பது கையெழுத்து. அந்த நாற்பதில் ஒருத்தியான பேச்சியம்மாளுக்குப் பெயர் எழுத வராது. ரேஷன் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் நான், கைநாட்டுத்தான் வைப்பாள். உன் தாளில் சுழி போட்டு வால் நீட்டி வக்கீல் மாதிரிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பயிற்சி பெறுவதற்கு முன்பே 'பெற்றேன்' என்று எழுதியாயிற்று, கேட்பதற்கு முன்பே 'இல்லை' என்று பதிலும் அச்சாகிவிட்டது. யார் சுற்றுக்கு விட்டு வாங்கியது என்று கேட்டேன். "மேஸ்திரி மாமாதாம்ப்பா, அவரு சொன்னா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றாய். முடிந்துவிட்டது. அதுதான் என் பயமே.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பெண்களுக்கென்று ஒரு புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். நல்லது. அந்த வெளியாள் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். ஏத்தா, நான் வெளியாளா? நம் கிட்டங்கிக்குள் எனக்கு நிகராக உள்ளேயே கிடந்த இன்னொரு ஜீவன் உண்டென்றால் அது எலிதான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, ஒரு பெண் வந்து மேஸ்திரியைப் பற்றி என்னிடமே சொல்ல வேண்டுமாம். ஒருத்தி சொன்னாள். அதைத்தான் எழுத வந்தேன். நேராக அதற்குள் போகத் தைரியம் இல்லாமல் முறுக்கு, ரேஷன் கடை என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒருத்தியின் புருஷன் குடித்துவிட்டு, கையில் அரிவாளோடு பழைய கிட்டங்கி வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். "அப்பா வீரமா நின்னு வெரட்டுனாரு" என்று தோழிகளிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டு நான் மறுக்காமல் விட்டுவிட்டேன். உண்மை என்னவென்றால், நான் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இருந்தேன். ஏலக்காய்த் தூசு மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன். அந்தத் தும்மல் சத்தத்தில் அந்த ஆள் மிரண்டு ஒரு எட்டுப் பின்னால் வைத்தான், அந்த இடைவெளிக்குள் லோடுமேன் ஒருவர் ஷட்டரை இழுத்துவிட்டார். என் வீரம் முழுக்க மூக்கில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நிமிஷத்தை நினைத்துப் பார். ஷட்டரை யார் இழுப்பது என்று யாருக்கும் தெரியாது. போலீசுக்கு யார் போன் போடுவது என்று தெரியாது. டீக்காரர் பதற்றத்தில் அந்த ஆளுக்கே கிளாசை நீட்டுகிறார். பெண்கள் எல்லாரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். பின்வாசல் பூட்டியிருந்தது, அதற்கு முன்னால் பதினைந்து மூட்டை அடுக்கியிருந்தது. அடுக்கச் சொன்னது நான். பின்பக்கமாகக் காய் திருட்டுப் போகிறது என்று எனக்குச் சந்தேகம். வெளியே போகிற காயைப் பற்றித்தான் என் சந்தேகம் எல்லாம். உள்ளே மாட்டிக்கொள்கிற ஆளைப் பற்றி ஒருநாளும் இல்லை. மறுநாள் அந்த மூட்டைகளை நகர்த்தினேனா என்று கேட்காதே. அந்த வருஷ சீசன் முடிகிற வரை அங்கேயேதான் இருந்தன. புதுக் கிட்டங்கியின் பின்வாசலை நீ திறந்து பார்த்தாயா? நான் போன வியாழக்கிழமை பார்த்தேன். புதுப் பூட்டு. சாவி மேஸ்திரி இடுப்பில்.

இதே சந்தேகத்திற்குப் பிறந்த பிள்ளைதான் 'உதறல்'. இப்போது நீ கேமரா வைத்து நிறுத்திவிட்டாய், நல்ல காரியம். அப்போதெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வாசலில் வந்து முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மடிப்புக்குள் நாலு காய் ஒளிந்திருக்கலாம் என்பது முதலாளி வர்க்கத்தின் நம்பிக்கை. உதறச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்கு ஒரு ஆம்பளையைப் போட்டேன், மேஸ்திரியை. அப்போது கடமலைக்குண்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாக்குக்குள் கையை விட்டாலே காயில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார், மெஷின் தோற்கும். அவர் இல்லாமல் நம் காய்க்கு அந்தப் பெயர் வந்திருக்காது. அதனால்தான் அவர் சல்லடையைத் தூக்கி எறிந்தபோதெல்லாம் எனக்குக் கண் தெரியவில்லை. வேலை மந்தமானாலோ, யாராவது பேசிச் சிரித்தாலோ கையில் இருக்கிற சல்லடை பறக்கும். ஆள் மேல் இல்லை, ஆளுக்குப் பக்கத்தில் என்பது அவர் கணக்கு.

ராயப்பன்பட்டியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார். நான் சொன்ன அந்த ஒருத்தி இவர்தான். லூர்து என்று எழுதுகிறேன். அது உண்மைப் பெயர் இல்லை. என்ன பெயர் போடட்டும் என்று போன வாரம் அவரிடமே கேட்டேன், அவர் கொடுத்த பெயர் இது. மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லூர்து நேராக என் நாற்காலிக்கு வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்: "மொதலாளி, மேஸ்திரி சல்லடையத் தூக்கி எறியிறாரு. நேத்து எம் முதுகுல விழுந்துச்சு. தவறிப் போயி விழுகல, வேணும்னேதான் எறிஞ்சாரு. நீங்க என்னன்னு கேக்கணும்."

நான் கேட்டிருக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று கேள்விதான். எப்போது, எங்கே, இன்னும் யாருக்கு. அதற்குப் பதிலாக, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று நாக்கு துறுதுறுத்துவிட்டது. "சல்லடைதானத்தா எறிஞ்சாரு? அதுல ஆயிரம் ஓட்டை இருக்கு. காத்து மாதிரி உள்ள பூந்து வெளிய போயிருக்குமே" என்றேன். கிட்டங்கியே சிரித்தது. மேஸ்திரி சிரித்தார். சோற்றுப் பருக்கை புரையேறி ஒருத்தி தலையில் தட்டிக்கொண்டாள். லூர்துவும் சிரித்தார். அதுதான் முக்கியம், மகளே. அந்தப் பிள்ளையே சிரித்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். முதலாளி சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காமல் போகிற வசதி வேலைக்காரருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். இத்தனை வருஷம் என் நகைச்சுவைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பது எனக்கு எப்போதுமே உள்ளூர ஒரு சந்தேகம்தான்.

அந்த வசனம் பிரபலமாகிவிட்டது. மேஸ்திரி சல்லடையோடு நடந்து வந்தால், "காத்து வருது, நகருங்கத்தா" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். என் நகைச்சுவை மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பூரிப்பு. இதே பக்கத்தில் அதை எழுதியும் இருக்கிறேன், பழைய இதழ் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அது சிரிப்பு இல்லை, எச்சரிக்கை. நான் புகாரை வாங்கிக்கொள்ளாததால், அவர்கள் என் வாய்ச்சொல்லையே புகாராக்கித் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நீ பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் அது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உதறல் நடக்கிறது. லூர்து உதறிவிட்டு நடந்தார். "இன்னொரு தடவ உதறு" என்றார் மேஸ்திரி. லூர்து நின்று, திரும்பி, "ஒரு தடவ உதறியாச்சு. ரெண்டாவது தடவ ஒதறணும்னா மொதலாளியும் வந்து வேட்டிய ஒதறட்டும். அவுகளும்தான உள்ளருந்து வெளிய போறாக" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. என் சரக்கை விட நல்ல சரக்கு, இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். மேஸ்திரி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கையில் இருந்த சல்லடையை ஓங்கினார். இரும்பு விளிம்பு லூர்துவின் புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் கண்ணில் வழிந்தது.

நான்தான் காரில் ஏற்றிக் கொண்டுபோனேன். அதைத்தான் இத்தனை வருஷம் உங்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தேன், முதலாளியே காரோட்டிக்கொண்டு போனார் என்று. சொல்லாத பகுதி இது. ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படிம்மா பட்டுச்சு?" என்று லூர்துவைப் பார்த்துத்தான் கேட்டார். லூர்து வாயைத் திறப்பதற்குள் நான், "படியில விழுந்துருச்சுங்க" என்றேன். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். லூர்து என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மூட்டை எவ்வளவு எடை இருக்கும் என்று கண்ணாலேயே அளப்போமே, அந்த மாதிரி. ஏழு தையல். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. நான் செய்த சீர்திருத்தம் என்ன தெரியுமா? வாசலில் உதறச் சொல்ல மேஸ்திரிக்குப் பதிலாக அவர் சம்சாரத்தைப் போட்டேன். பெண்ணுக்குப் பெண் என்று ஊரில் நல்ல பெயர் கிடைத்தது.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்பாய். போன வியாழக்கிழமை புதுக் கிட்டங்கியில் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன். பெண்கள் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி உள்ளே நுழைந்தார். கையில் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பெண், இருபது வயது இருக்கும், நீ தொழிலுக்கு வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் இடித்து, "காத்து வருது" என்றாள். இருவரும் சுவரோரமாக நகர்ந்தார்கள். அந்த வசனம் பிறந்தபோது அவளுக்குப் பாவாடை நாடாவை முடியத் தெரிந்திருக்காது. நான் கூப்பிட்டு, "என்ன காத்துத்தா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லங்கய்யா, சும்மா வெளையாட்டுக்கு" என்றாள். பன்னிரண்டு வருஷமாக ஒரு வேடிக்கைப் பேச்சு ஒரு கிட்டங்கியில் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கு யாரோ தினமும் தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம். நேரில் நான் எதையும் பார்க்கவில்லை. சந்தேகம்தான். ஆனால் இந்தத் தடவை என் சந்தேகம் காயைப் பற்றி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரமாகப் பார்த்து லூர்து வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது தினமும் விடியற்காலை ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறார். புருவத்துக்கு மேலே தழும்பு வெள்ளையாகக் கிடக்கிறது. உட்காரச் சொல்லி, பால் சேர்க்காத கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "என்ன மொதலாளி, படி எதுவும் ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டார். பேச்சில் என்னை மடக்கியவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று பேர். உன் அம்மா, உன் அம்மாவின் அம்மா, லூர்து.

உன் புதுக் கிட்டங்கி, நாற்பது பேர், கையெழுத்துத் தாள் எல்லாம் சொன்னேன். லூர்து சிரித்துவிட்டு, "யார வச்சுக் கேட்டாக?" என்றார். மேஸ்திரியை வைத்து என்றேன். "அப்ப எல்லாரும் நல்லாத்தான் இருப்பாக" என்றார். தோட்டத்தில் எப்படி என்று கேட்டேன். "அங்கன மட்டும் என்ன சொர்க்கமா? ஆனா வெளியிலருந்து ஒரு மலையாளத்து அக்கா, சேச்சின்னு கூப்புடுவோம், மாசத்துக்கு ஒரு நாள் வரும். கங்காணிய, கணக்கு எழுதுற ரைட்டரையெல்லாம் வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்தும். ஒவ்வொருத்தரா, ஒனக்கு என்ன, ஒனக்கு என்னன்னு கேக்கும். மொத மூணு மாசம் நாங்க யாரும் வாயத் தொறக்கல. நாலாவது மாசம் ஒருத்தி அழுதா. அதுக்கப்புறம்தான் பேச்சு வந்துச்சு" என்றார். மூன்று மாதம் சும்மா உட்கார்ந்து கேட்டிருக்கிறார் அந்த அம்மாள். நீ ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாய். நான் ஐந்து விநாடியில் முடித்தவன், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை வந்து நம் பெண்களோடு ஒருமுறை உட்கார முடியுமா என்று கேட்டேன். லூர்து உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்துவந்தார். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. "இதுல படியில விழுந்ததா எழுதியிருக்கு. எம் மகன் படிச்சுட்டு, ஏம்மா படிய பாத்து எறங்க மாட்டியான்னு கேக்கான். இத மாத்தித் தருவீகளா?" என்றார். அதை எப்படி மாற்றுவது என்றேன். "அப்ப வேற ஒண்ணு எழுதுங்க. எங்கிட்ட மட்டும் குடுக்காதீக. நாலு பேரு படிக்கிற எடத்துல போடுங்க. வெளையாட்டா எழுதுவீகள்ல, அதே எடத்துல. எழுதுறதா இருந்தா வாரேன்." ஆகையால்தான் இந்தப் பக்கம். பதிப்பாசிரியர் நண்பர், "என்னண்ணே, இந்த மாசம் சிரிப்பு வரலயே?" என்று போன் செய்தார். வராது என்றேன்.

அங்கிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவது சரியில்லை என்று பட்டது. திங்கட்கிழமை வர வேண்டாம், பெண்களிடம் தனியாகக் கேட்டு முடிகிற வரை சாவி பாப்பாவிடம், அதாவது உன்னிடம், இருக்கட்டும், உங்கள் பக்கத்தையும் அது கேட்கும், சம்பளத்துக்கு ஒன்றும் குறைவு வராது என்று சொன்னேன். சண்டை போடுவார் என்று வாசல் பக்கமாகவே நின்றுகொண்டேன், என் வீரம் உனக்குத்தான் தெரியுமே. மேஸ்திரி சண்டை போடவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நான் ஓங்கினேன், இல்லைங்கல. ஆனா மொதலாளி, மொத மொத அந்தப் பிள்ள சொன்னப்பயே, இனிமே எறியாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா நிப்பாட்டியிருப்பேன். நீங்க அத வச்சுச் சிரிக்கவச்சீக. செய்யலாம்போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கி உங்க மொகத்தப் பாத்துத்தான் ஓங்கினேன். இப்பப் பாப்பா சொல்லி நான் வெளிய இருக்கணும்னா இருக்கேன். நீங்க எங்கன இருப்பீக?"

கிட்டங்கிக்கு மேஸ்திரியாக வந்த அந்த ஆளுக்கு, எப்படிப் பேச வேண்டும், கோபம் வந்தால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தப்பு. நான் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு நகைச்சுவைதான் நான் அவருக்குக் கொடுத்த பயிற்சி. கிட்டங்கி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இலவசமாக, ஒரே நாளில் கொடுத்தேன். நன்றாகப் படித்துக்கொண்டார்.

இதனால் மேஸ்திரி செய்தது சின்னதாகிவிடவில்லை. அவரை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன், தொழில் உன் பெயரில் இருக்கிறது. கேட்காமல் தள்ளிவிடாதே, கேட்டுவிட்டு மூடி மறைக்காதே. என்னைப் போல வாசலில் ஆளை மட்டும் மாற்றி உட்காரவைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளாதே. "வெளிய இருக்கணும்னா இருக்கேன்" என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. பழக்க தோஷத்தில் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். நீயே வாசலில் நின்று, மரியாதையாகத் திருப்பி அனுப்பு. பின்வாசல் பூட்டை முதலில் கழற்று. யாராவது வம்பு பண்ணிக்கொண்டு வந்தால் ஷட்டரை இழுப்பது யார், பெண்களைப் பின்னால் கூட்டிப்போவது யார், போன் போடுவது யார் என்று ஆள் ஆளாகச் சொல்லி, ஒருமுறை எல்லாரையும் நிஜமாகவே நடந்து பார்க்கச் சொல். பேப்பரில் படித்துக் காட்டினால் கால் ஓடாது. புகார்க் குழுவுக்குச் சட்டம் கேட்கிற வெளியாளை முறையாகத் தேடிப் போடு. லூர்து அதற்காக வரவில்லை, ஒருநாள் உட்கார்ந்து கேட்கத்தான் வருகிறார். அந்தக் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிடு. எடுத்துவைத்தால் என்றைக்காவது ஒருநாள் உனக்கு எதிராக ஒருத்தி வந்து நிற்கும்போது, அதைத் தூக்கிக் காட்ட உன் கை துறுதுறுக்கும். எனக்குத் துறுதுறுத்திருக்கும்.

நான் திங்கட்கிழமை வரமாட்டேன். பேச்சும் கிடையாது, எனக்கென்று வாசலில் போட்டு வைத்திருக்கிற நாற்காலியையும் எடுத்துவிடச் சொல். மேஸ்திரி கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். நான் அங்கே உட்கார்ந்திருக்கிற வரை, யார் என்ன சொன்னாலும் என் நாக்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். அதை அடக்க இந்த வயதில் யார் எனக்குப் பயிற்சி கொடுப்பது? உன் அம்மா முப்பது வருஷமாக முயன்று பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு லூர்து தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் வருவார். வாசலில் நின்று நீயே அழைத்துக்கொண்டு போ. நாற்பது பேரும் உள்ளே உட்கார்ந்ததும் நீ வெளியே வந்துவிடு. ஆமாம், நீயும்தான். நீ எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு நீ முதலாளி. கதவைச் சாத்தட்டும். டீயை அவர்களே வந்து கேட்டால் கொடு, இல்லையென்றால் அனுப்பாதே. மதியம் ஆனாலும் உட்கார்ந்திரு. முதல் நாள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள் என்றால், அடுத்த மாதமும் லூர்துவைக் கேட்டுப் பார், வரமாட்டேன் என்றால் வேறு ஆளைத் தேடு. உள்ளேயிருந்து திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்கும், அநேகமாக என்னைப் பற்றித்தான் இருக்கும். என்னவென்று கேட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடாதே.